தண்ணீர் ஊற்றாமல் தொடங்கும் செடித்தொட்டி: உலர் தொடக்க முறை எதைத் தரும், எதைத் தராது

கேள்வி இது: 60 செ.மீ. நீளமுள்ள மீன்தொட்டியில் அக்வாசாயில் (நீர்ச்செடிகளுக்கான, சத்து நிறைந்த உருண்டை மண்) பரப்பி, முன்பகுதி முழுவதும் கியூபா என்ற நுண்ணிலை நீர்ச்செடியைக் கம்பளமாகப் படரவிட விரும்புகிறேன்; உலர் தொடக்க முறையில் ஆரம்பித்தால் பாசித் தொல்லை வராது, கரியமில வாயு சிலிண்டர் தேவைப்படாது, தண்ணீர் நிரப்பிய அன்றே மீன் விடலாம் என்கிறார்களே, இது சரிதானா, சரியென்றால் எப்படிச் செய்வது?

இந்த மூன்றில் முதலாவது பாதி உண்மை. இரண்டாவது, கியூபாவைப் பொறுத்தவரை, உண்மையே இல்லை. மூன்றாவதை நம்பினால் மீன்களை அம்மோனியாவுக்குப் பலி கொடுத்ததாகவே முடியும். அதற்காக முறையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நுண்ணிய கம்பளச் செடிகளை வேரூன்ற வைப்பதற்கு இதைவிட நிதானமான வழி எனக்குத் தெரியாது. ஆனால் இம்முறை தருவது வேரை மட்டுமே. தண்ணீர் நிரப்பிய பின் வரும் மூன்று நான்கு வாரங்களைச் செடி எப்படிக் கடக்கப் போகிறது என்பதை நடுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

முறையின் சாரம் எளிது. தொட்டியில் மண் பரப்பி, கல்லும் கட்டையும் அடுக்கி, மண்ணை நனைத்துச் செடிகளை நட்டு, மேல்வாயைச் சமையலறையில் பயன்படும் ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, தினமும் விளக்கு எரியவிட்டு, செடிகள் வேர்பிடித்துப் பரவும்வரை சில வாரங்கள் தண்ணீரில்லாமல் வைத்திருந்து, பிறகு நிரப்புவது. பொழுதுபோக்காளர்களிடையே இதைப் பரவலாக்கியவர் டாம் பார் என்ற அமெரிக்கர். நாற்றங்கால்களில் இது எப்போதும் இருந்த வழக்கந்தான். கடைக்கு வரும் தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை ஈரக்காற்றில், இலை வெளியே தெரிய வளர்க்கப்பட்டவையே.

இது ஏன் பலிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் தவறுகளில் பாதி தானாகவே விலகும். காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு இருக்கிறது. எடைக் கணக்கில் ஒரு லிட்டர் காற்றில் முக்கால் மில்லிகிராம். காற்றோடு சமநிலையில் உள்ள 25 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 மில்லிகிராம் கரைந்திருக்கும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். வித்தியாசம் அந்த வாயு நகரும் வேகத்தில் இருக்கிறது: நீரில் அது பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. நீருக்கடியில் இருக்கும் இலை தன்னை ஒட்டியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் இருந்த வாயுவை எடுத்துக்கொண்டதும், அடுத்தது வந்து சேரும்வரை பட்டினி கிடக்கிறது. அதனால்தான் நீரில் செயற்கையாக 20 முதல் 30 மில்லிகிராம்வரை ஏற்ற வேண்டியிருக்கிறது. காற்றில் இருக்கும் இலைக்கு அந்தப் பஞ்சம் இல்லை. சிலிண்டர் இல்லாமலேயே அது முழு வீச்சில் வளர்கிறது. மிதந்து பரவும் பாசிக்கும் இலையில் படியும் பாசிக்கும் வேண்டிய நீரே அப்போது இல்லாததால் போட்டியும் இல்லை.

இதே காரணம்தான் இம்முறையின் வரம்பையும் வகுக்கிறது. காற்றில் வளர்ந்த இலைக்குத் தடித்த தோலும், நீரிழப்பைத் தடுக்கும் மெழுகுப் படலமும், வாயுவை உள்ளிழுக்கும் இலைத்துளைகளும் உண்டு. நீரில் மூழ்கியதும் இவை உதவாமல் போகின்றன. செடி பழைய இலைகளைக் கைவிட்டு, மெல்லிய தோலுடைய புது இலைகளைக் கட்ட வேண்டியிருக்கிறது. அதைக் கட்டுவதற்கான மூலப்பொருள் வேரிலும் தண்டிலும் உள்ள சேமிப்பிலிருந்தும், புதிதாகக் கிடைக்கும் கரியமில வாயுவிலிருந்தும் வர வேண்டும். உலர் பருவத்தில் ஆறு வாரம் செழித்த கியூபா, வாயு ஏற்றாத தொட்டியில் தண்ணீர் நிரம்பிய இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகிக் கரைந்துபோவதற்குக் காரணம் இதுதான். சிலிண்டரை ஒத்திப்போடத்தான் இம்முறை உதவும்.

செடித் தேர்வில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கியூபா, மான்டி கார்லோ, குளோசோஸ்டிக்மா, குட்டை எலியோகாரிஸ் புல், ஸ்டாரோஜின், மார்சிலியா, லிலியாப்சிஸ், கிரிப்டோகோரின், அனுபியாஸ், புசெபலாந்திரா, மாஸ் வகைகள் ஆகிய எல்லாம் ஈரக்காற்றில் வளரும். யூட்ரிகுலேரியாவும் வளரும் என்றாலும் உரம் மிகுந்த மண் அதற்குப் பிடிப்பதில்லை. முழுக்க நீருக்குள் மட்டுமே வாழும் வாலிஸ்னேரியா, கபோம்பா, எஜீரியா, கொம்புப்பாசி, பிளிக்சா போன்றவற்றைத் தண்ணீர் நிரப்பிய பிறகே நட வேண்டும். 'தொட்டிக் கம்பள விதை' என்று பொட்டலத்தில் விற்பதைத் தொடவே வேண்டாம். ஈரமண்ணில் தூவினால் ஒரு வாரத்தில் பச்சைப்பசேலென்று முளைக்கும். ஆனால் அவற்றில் பல நிலத்துச் செடிகளின் விதைகள், நீரில் மூழ்கியதும் மெல்ல அழுகி நாறும். நுண்கம்பளச் செடிகளை வணிக நாற்றங்கால்கள் விதையிலிருந்து பெருக்குவதில்லை. துண்டு போட்டும் திசு வளர்ப்பிலும்தான் பெருக்குகிறார்கள்.

கியூபாவைத் திசு வளர்ப்புக் கிண்ணத்தில் வாங்குவதே நல்லது. நத்தை முட்டையும் பாசியும் கூடவே வராது. வேரில் ஒட்டியிருக்கும் கூழை ஓடும் நீரில் முழுவதும் அலசிவிட வேண்டும். அதில் சர்க்கரை இருப்பதால் ஈரமும் வெப்பமும் உள்ள மூடிய தொட்டியில் முதல் பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்பும். அலசிய பிறகு விரல்நுனி அகலத்தில் சிறு கொத்துகளாகப் பிரித்து, நுனி மெலிந்த இடுக்கியால் வேர்ப்பக்கத்தைப் பிடித்துச் சாய்வாக மண்ணுக்குள் செருகி, பிடியைத் தளர்த்தி இடுக்கியை லேசாக அசைத்தபடி வெளியே எடுத்தால் கொத்து உள்ளேயே நிற்கும். இலைநுனி மட்டும் வெளியே தெரிந்தால் போதும். கொத்துகளுக்கிடையே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி விடலாம். ஒரே கிண்ணத்தை வைத்துக்கொண்டு இன்னும் அகலமாக நட்டாலும் கடைசியில் மூடும், நாட்கள்தான் கூடும். இம்முறையில் காலம் கூடினாலும் பாசிக்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதால், குறைந்த செடியில் தொடங்க நினைப்பவருக்கு இது வசதி.

மண்ணை முன்பக்கம் மூன்று நான்கு செ.மீ., பின்பக்கம் எட்டு செ.மீ. அல்லது அதற்கு மேல் என்று சரிவாகப் போட்டு, மேலே ஒரு செ.மீ. அளவுக்குப் பொடி ரக மண்ணைத் தூவினால் நுண்வேர் எளிதில் பற்றும். அக்வாசாயிலில் போதிய சத்து இருப்பதால் உலர் பருவத்தில் உரம் தேவையில்லை. சத்தில்லாத மணலையோ சரளையையோ பயன்படுத்துகிறவர்கள் மட்டும் வாரம் ஓரிருமுறை மிக நீர்த்த திரவ உரத்தைத் தெளிக்கலாம். அளவு மீறினால் உப்பு படிந்து இலைநுனி கருகும்.

இனி இம்முறையின் உயிர்நாடியான ஈரத்துக்கு வருவோம். தோல்விகளில் மிகப் பெரும்பாலானவை இங்கேதான் நேர்கின்றன, அதுவும் வறட்சியால் நேர்வதைவிட அதிக நீரால் நேர்வதே அதிகம். தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல், ஒரு மூலையில் காற்றுக்குழாயை மண்ணுக்குள் செருகி அதன் வழியே மெதுவாக விட்டால், சரிவு கலையாமல் மண் கீழிருந்து மேலாக உறிஞ்சிக்கொள்ளும். பக்கவாட்டுக் கண்ணாடியை ஒட்டிக் குனிந்து பார்த்தால் மண் உருண்டைகளுக்கிடையே நீர் நிறைந்திருக்கும் பகுதி பளபளப்பாகவும், அதற்கு மேலே காற்று புகுந்த பகுதி மங்கலாகவும் தெரியும். அந்த இரண்டுக்கும் இடையிலான கோடுதான் உங்கள் நீர்மட்டம். அந்தக் கோடு, மண் மிகத் தாழ்வாக உள்ள முன்பக்கத்தில், மேற்பரப்புக்கு ஒரு செ.மீ. கீழே நிற்க வேண்டும். முன்பக்கம் குட்டையாகத் தேங்கினால் அங்கே செடியின் கழுத்து அழுகும். அதோடு, வழுவழுப்பான கரும்பச்சைப் படலமாக நீலப்பச்சைப் பாசி வந்து உட்காரும். பாசியே வராது என்ற பேச்சைப் பாதி உண்மை என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தேங்கிய நீரை ஊசியில்லாத மருந்தேற்றியால் உறிஞ்சி எடுத்துவிடலாம்.

சரிவின் பின்மேடு இதற்கு நேர்மாறு. அங்கே நீர்மட்டம் மேற்பரப்பிலிருந்து வெகு கீழே இருப்பதால் மேல்மண் விரைவில் காயும், கல்லின் உச்சியில் கட்டிய மாஸ் அதைவிட விரைவில் காயும். ஆகவே தெளிப்பானை எடுத்ததும் தொட்டி முழுவதும் ஒரே சீராக அடிக்கும் பழக்கம் சரியல்ல. மேட்டுக்கும் கல்லுச்சிக்கும் நன்றாகவும், பள்ளத்துக்கு ஒப்புக்கும் அடித்தால் போதும். தெளிப்பு பனிபோல் நுண்ணியதாக இருக்க வேண்டும். துளி பெரிதானால் வேர்பிடிக்காத கொத்துகள் பெயர்ந்துவிடும். தினம் ஒருமுறை போதுமா, இருமுறை வேண்டுமா என்பதற்குப் பொது விதி இல்லை, தாளைப் பார்த்தே முடிவு செய்யலாம். விளக்கு எரியத் தொடங்கிச் சிறிது நேரத்தில் தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் திரண்டு நின்றால் உள்ளே ஈரம் போதுமானது. தாள் உலர்ந்தே கிடந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. விளிம்பைத் தேடி ஒட்டுங்கள்.

தெளிக்கும்போதே ஐந்து பத்து நிமிடம் தாளைத் திறந்து வைத்து விசிறினால் பழைய காற்று வெளியேறும். மூடிய பாத்திரத்தில் செடிகள் பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டே இருப்பதாலும், அசையாத ஈரக்காற்று பூஞ்சைக்கு உகந்தது என்பதாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. விளக்கைப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம்வரை எரியவிடலாம். வெப்பம் 22 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நலம். நேரடி வெயில் படும் இடம் கூடாது, தாள் மூடிய தொட்டி சில நிமிடங்களில் அவித்துவிடும்.

பூஞ்சை வந்துவிட்டால் பதற வேண்டாம். புதிய மரக்கட்டையில் வெண்பஞ்சு போலப் படர்வது அநேகமாக எல்லோர் தொட்டியிலும் நடப்பது. பழைய பல்துலக்கியால் துடைத்துவிட்டு, காற்றோட்ட நேரத்தைக் கூட்டினால் ஓரிரு வாரத்தில் அடங்கும். செடிமேல் சிலந்திவலை போல நூல் ஓடினால்தான் கவலைப்பட வேண்டும். அந்தக் கொத்தையும் அதைச் சுற்றியுள்ள அழுகிய இலைகளையும் உடனே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சில சொட்டுகள் விடலாம். மாஸ் மீது அது படக்கூடாது. மண்ணில் வெள்ளை எள் போலத் துள்ளும் சிறு பூச்சிகளைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கலைத்துப்போட்டவர்கள் உண்டு. அவை அழுகலைத் தின்னும் பூச்சிகள், செடிக்கு ஒன்றும் செய்யாது, நீர் நிரம்பும்போது மிதந்து வெளியேறிவிடும்.

முதல் இரண்டு வாரம் எதுவும் நடக்காதது போலத்தான் இருக்கும். வளர்ச்சி மண்ணுக்குள் நடக்கிறது. கண்ணாடியை ஒட்டி நட்ட கொத்துகளில் வெள்ளை நூலாக வேர் இறங்குவதைக் காணலாம். அதன் பிறகே தண்டுகள் பக்கவாட்டில் ஓடத் தொடங்கும். மான்டி கார்லோவுக்கு நான்கு முதல் ஆறு வாரமும், கியூபாவுக்கு ஆறு முதல் எட்டு வாரமும் கொடுக்கலாம். அனுபியாஸ், புசெபலாந்திரா ஆகியவை கல்லை வேரால் கவ்விக்கொள்ள வேண்டுமென்றால் இன்னும் பொறுக்க வேண்டும். நாட்காட்டியைவிட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது: தொட்டியின் நடுவே ஒரு தண்டை இடுக்கியால் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். மண்ணோடு எதிர்த்து நின்றால் வேர் பிடித்திருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் இன்னும் இரண்டு வாரம் மூடி வையுங்கள். பச்சையாக மூடிவிட்டதே என்று அவசரப்பட்டு நீர் நிரப்பினால், கியூபாவின் வேர் ஆழமற்றது என்பதால், ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் குமிழிகள் அடியில் சேர்ந்து கம்பளத்தைத் துண்டு துண்டாக மேலே கிளப்பிவிடும். மிகவும் தடித்து அடுக்கடுக்காக வளர்ந்துவிட்டாலும் இதே கதைதான், அடியில் ஒளி படாத தண்டுகள் செத்துப் பிடிப்பு விட்டுவிடும். நிரப்புவதற்கு ஒரு வாரத்துக்கு முன் கத்தரித்து ஒரு செ.மீ. உயரத்துக்குள் கொண்டுவந்துவிடுவது நல்லது.

நீர் நிரப்பும் நாளுக்கு முன்பே கரியமில வாயு சாதனத்தைப் பொருத்தி, கசிவு பார்த்து, ஓட்டத்தைச் சரிசெய்து வைத்திருக்க வேண்டும். நிரப்பிய பிறகு வாங்கலாம் என்றிருந்தால் அந்த இடைப்பட்ட நாட்களிலேயே செடி சேமிப்பைத் தின்று தீர்த்துவிடும். கம்பளத்தின் மேல் பிளாஸ்டிக் பையையோ தட்டையோ வைத்து அதன்மேல் மெல்லிய குழாயால் நீரை விட வேண்டும். முதல் தடவை நிரப்பிய நீரில் மண்ணிலிருந்து கரைந்த அம்மோனியாவும் தூசும் இறந்த இலைகளும் இருக்கும். அதை முழுவதும் வடித்துவிட்டு இன்னொரு முறை நிரப்புவது என் வழக்கம்.

அன்றிலிருந்து விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள். ஒளியின் வலுவையும் குறைக்க முடிந்தால் குறைக்க வேண்டும். உலர் பருவத்தில் பன்னிரண்டு மணி நேரம் எரிந்த விளக்கை அப்படியே தொடர்கிறவர்களின் தொட்டிதான் இரண்டாவது வாரத்தில் பாசிக்காடாகிறது. விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்துவிட்டால் ஒளி வரும் நேரத்தில் நீரில் அளவு ஏறியிருக்கும். வாயுவின் அளவை நிறத்தால் காட்ட உள்ளே தொங்கவிடும் அளவுகாட்டிக் குமிழின் திரவம் இளம்பச்சையாக இருக்க வேண்டும்; வாயு கூடினால் அது மஞ்சளாகும். மீன் இல்லாத இந்த நாட்களில் அது மஞ்சளை நெருங்கினாலும் பாதகமில்லை. செடிகளுக்கு அது கூடுதல் உதவியே. முதல் வாரம் தினமும் பாதி நீர், அடுத்த வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் இருமுறை என்று நீர் மாற்ற வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் அம்மோனியாவையும் கரையும் இலைகளிலிருந்து வெளிவரும் கழிவையும் வெளியேற்றிப் பாசியைப் பட்டினி போடுவதற்கு இதற்கு மாற்று இல்லை.

சில இலைகள் எப்படியும் மஞ்சளாகிக் கரையும். கிரிப்டோகோரின் மொத்தமாக இலை உதிர்த்துவிட்டு வேரோடு மட்டும் நிற்கும். செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாமல் விட்டால் சில வாரங்களில் நடுக்குருத்து வரும். பார்க்க வேண்டியது பழைய இலையை அல்ல, நுனியில் வரும் புது இலையை: அது பச்சையாக விரிந்தால் செடி மாறிவிட்டது, மூன்று நான்கு வாரத்தில் விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மெல்ல உயர்த்தலாம். இடையில் கண்ணாடியிலும் கல்லிலும் பழுப்புத் தூளாக டயட்டம் என்ற நுண்பாசி படிவது புதுத்தொட்டிகளுக்கு இயல்பு, துடைத்துவிட்டால் போகும்.

மீன் விடுவதைப் பற்றி. உலர் பருவத்தில் ஈரமண்ணில் நைட்ரிஃபிகேஷன் நுண்ணுயிரிகள், அதாவது அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை, குடியேறுவது உண்மைதான். அவற்றுக்கு வேண்டிய அம்மோனியாவும் ஆக்சிஜனும் அங்கே கிடைக்கின்றன. எனவே வெறுந்தொட்டியோடு ஒப்பிட்டால் சுழற்சி, அதாவது இந்த நுண்ணுயிரிகள் போதுமான அளவு பெருகும் காலம், விரைவில் முடியக்கூடும். ஆனால் வடிகட்டி அத்தனை வாரமும் பெட்டியில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் ஓர் உயிரும் இல்லை. மண்ணோ இன்னும் அம்மோனியாவை விட்டுக்கொண்டிருக்கும். புது அக்வாசாயில் நீரின் பிஎச் அளவை 7-க்குக் கீழே இழுப்பதால் அம்மோனியாவின் பெரும்பகுதி நஞ்சு குறைந்த அம்மோனியமாக இருக்கும் என்பதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. பிஎச் 8 உள்ள குழாய் நீரை ஒரு நாள் மாற்றினால் அதில் ஒரு பகுதி நஞ்சாகத் திரும்பிவிடும். செடிகள் ஈரமண்ணில் வளர்ந்துகொண்டிருக்கும் அதே வாரங்களில் வடிகட்டியைத் தனியாக ஒரு வாளி நீரில் ஓடவிட்டு, சிறிதளவு அம்மோனியா சேர்த்துப் பழக்கி வைத்தால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். எப்படியிருந்தாலும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகே உயிர்களை விடுங்கள். மஞ்சளை நெருங்கியிருந்த கரியமில வாயுவையும் அதற்கு முன் இளம்பச்சைக்குக் குறைத்துவிட வேண்டும்.

சிலிண்டர் வாங்கும் எண்ணமே இல்லையென்றால் கியூபாவை விட்டுவிடுங்கள். மார்சிலியா ஹிர்சூட்டாவும் கிரிப்டோகோரின் பர்வாவும் வாயு ஏற்றாத, மிதமான ஒளியுள்ள தொட்டியில் நிலைக்கும். இரண்டும் நீருக்குள் நத்தை வேகத்தில் பரவுபவை. பர்வா ஈரக்காற்றிலும் அவசரப்படாது என்பதால், உலர் பருவத்தை மூன்று மாதம்வரை நீட்டி, கம்பளம் ஏறக்குறைய மூடிய நிலையில் நீரை நிரப்பினால் பிறகு அது பரவ வேண்டியதில்லை, நிலைத்தால் போதும். மான்டி கார்லோ நடுவாந்தரம். மென்மையான நீரும் நல்ல மண்ணும் இருந்தால் வாயு இல்லாமலும் சிலருக்குத் தங்கும், பலருக்கு மெலிந்து நீண்டு வெளுத்துப்போகும். உங்கள் தொட்டியில் அதைச் சோதிக்க விரும்பினால் முன்பகுதி முழுவதையும் அதை நம்பி விடாமல், ஒரு மூலையில் மட்டும் நட்டு, மீதியில் மார்சிலியாவைப் போடுங்கள்.